நூர்தீனின் கபுறு

சிராங்கூன் ரோடு, சிங்கப்பூர்
12 மார்ச் 1907

அன்புள்ள யூசுப் மாமாவுக்கு, சுந்தரம் வணக்கத்துடன் எழுதுவது. நானும் உங்கள் மகன் நூர்தீனும் சுகம். அவனுக்குத் துணிக்கடையில் வேலை, எனக்கு மாட்டுக்கொட்டகையில். இருப்பது ஒரே அறை. கடிதம் எழுதச் சொன்னால் மட்டும் உங்கள் பிள்ளைத் துரைக்குக் கை வலிக்கும்.

இங்கே நம்மவர் எல்லோருக்கும் ஒரே பெயர்: கிளிங். எப்போதோ கலிங்க தேசத்திலிருந்து வந்தவர்களுக்கு வைத்த பெயராம். "நாகப்பட்டினத்தானுக்கும் கலிங்கத்துக்கும் என்னடா சம்பந்தம்?" என்று நூர்தீன் சண்டைக்குப் போகிறான். எனக்குப் பழகிவிட்டது.

சுந்தரம்


3 மே 1907

மாமா, எப்படி எழுதுவேன்! நூர்தீன் நம்மை விட்டுப் போய்விட்டான். வாந்திபேதி. ஒரே நாள்தான். அடக்கமெல்லாம் முறைப்படி நடந்தது. மாமியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுந்தரம்


நாகப்பட்டினம்
20 மே 1907

தம்பி சுந்தரத்துக்கு யூசுப் துஆவுடன் எழுதியது. அல்லாஹ் கொடுத்தான், எடுத்துக்கொண்டான். உன் மாமி இரவும் பகலும் ஒன்றையே கேட்கிறாள்: பிள்ளையை அடக்கிய கபுறு எங்கே? ஜனாஸாத் தொழுகை நடத்தியது யார்? என் தங்கை மகன் அஹமது கபீர் அடுத்த கப்பலில் வருகிறான். அழைத்துப் போய்க் காட்டு. ஃபாத்திஹா ஓதிவிட்டு வரட்டும்.

முகம்மது யூசுப்


2 ஜூன் 1907

மாமா, நான் பொய் எழுதினேன். கபுறு இல்லை.

நோய்க்கொட்டகை வாசலில், "இவன் யார்?" என்று கேட்டார்கள். "கிளிங்" என்றேன். தினமும் சொல்லும் பதில்தானே, வாயில் வந்துவிட்டது. முஸ்லிம் என்று சொல்லத் தோன்றவில்லை. அவனுக்கு நினைவில்லை. என் நெற்றித் திருநீற்றைப் பார்த்து இந்து என்று எழுதிக்கொண்டார்கள். என்னை உள்ளே விடவில்லை. மறுநாள் காலை போனேன். இரவில் இறந்த மற்றவர்களோடு சேர்த்து அவனையும் எரித்துவிட்டார்கள்.

பள்ளிவாசலுக்குப் போய் விவரம் சொன்னேன். லெப்பை அழுதார். நான் செய்த பாவம் இது. என்னைத் திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

சுந்தரம்


நாகப்பட்டினம்
25 ஜூன் 1907

சுந்தரம்,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். கபீரைக் கப்பல் ஏற விடவில்லை. சிங்கப்பூர் காத்தோங்கில், கடலோரத்தில், தென்னை நிழலில் கபுறு இருக்கிறது என்று நூர்தீனின் தாயிடம் சொல்லியிருக்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் கஞ்சி குடித்தாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நீ இனி எழுத வேண்டாம் என்பது அதனால் அல்ல. உன் கடிதம் வந்தால், சுந்தரம் கபுறில் புல் வெட்டினானா என்று அவள் என்னைக் கேட்பாள்.

முகம்மது யூசுப்