ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய தண்ணீர்

மார்ச் 5

என் மனைவி கும்ஹி இன்றும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். கட்டி முடிக்காத அடுக்ககங்களை முடிந்ததுபோலப் படமாக்கிக் கொடுப்பது என் தொழில். ஒரு கூடத்தில் வெயில் விழுவதைக் காட்ட, கணினி எட்டு மணி நேரம் அலறுகிறது. அவள் கட்டில் அதிலிருந்து நான்கு எட்டுத் தூரம். மருத்துவமனை வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்று வந்துவிட்டாள். வீடு என்றால் இந்த ஒரே அறைதான்.

"எலும்புக்குள்ள ஃபேன் சுத்துற மாதிரி இருக்குங்க" என்றாள்.

நோய் பரவியிருப்பதும் எலும்பில்தான். கணினியின் ஃபேன்களைக் குறைத்துவிட்டுத் தண்ணீரால் குளிர்விக்கிற அமைப்புக்கு மாறிவிட வேண்டும்.

மார்ச் 7

யோங்சான் கணினிச் சந்தைக்குப் போனேன். மூன்றாம் மாடியில் கு அண்ணன் கடை. இருபது வருடமாக எனக்குச் சாமான் விற்கிறார், திட்டாமல் ஒன்றும் விற்றதில்லை.

"ரெண்டு வழிதான்டா. ரெடிமேடுன்னா, தண்ணிய ஊத்தி மூடியே வரும். அரை மணி நேரத்துல மாட்டிடலாம். அஞ்சாறு வருஷம் ஓடும், அப்புறம் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆனா இந்தப் பம்ப்பு கொசு மாதிரி நொய்யுன்னு இழுக்கும். கிராஃபிக்ஸ் கார்டுக்கும் அதுல தண்ணி போகாது, அதோட ஃபேன் கத்திக்கிட்டேதான் இருக்கும்."

"இன்னொண்ணு?"

"நீயே குழாய் வாங்கிக் கோத்துக் கட்டுறது. சத்தமே வராது. ஆனா ஒவ்வொரு மூட்டும் உன் பொறுப்பு. வருஷத்துக்கொரு தடவை தண்ணி மாத்தணும். சட்டுன்னு சொல்லு, நீ இழுக்கிற ஆளு."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மார்ச் 9

இணையத்தில் கேட்டேன். நாற்பது பதில்கள். பாதிப் பேர் அது, பாதிப் பேர் இது. ஒருவன் என்னைக் கஞ்சன் என்கிறான்.

மார்ச் 14

சத்த அளவுகளை அட்டவணை போட்டிருக்கிறேன். அவள் காதில் இன்னும் பஞ்சு.

மார்ச் 17

இலையுதிர்காலம் வரை இருந்தால் பெரிது என்றார் டாக்டர். நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்ய?

மார்ச் 20

கடைசியில் அவளிடமே கேட்டேன். ரெடிமேடுக்கு ஆறு வருட உத்தரவாதம் என்றதும் சிரித்தாள்.

"எனக்கு ஆறு மாசத்துக்கே யாரும் குடுக்க மாட்டேங்கிறாங்க."

பிறகு அடுத்ததைப் பற்றி விசாரித்தாள். "வருஷா வருஷம் தண்ணி மாத்தணுமா? நீங்களேவா?"

"ஆமா. அரை நாள் வேலை."

"அதையே கட்டுங்க. அடுத்த வருஷம் உங்களுக்குன்னு ஒரு வேலையாவது இருக்கும்."

குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பதின்மூன்று நாள்! அவளுக்கு இருப்பதே கொஞ்ச நாள், அதில் பதின்மூன்றைக் கொசுச் சத்தத்துக்கும் குழாய்க்கும் நடுவில் நின்று தின்றிருக்கிறேன். என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 31

கட்டி முடித்தேன். கணினிக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு முழு நாள் ஓடவிட வேண்டும். மூட்டுக்கு மூட்டு டிஷ்யூ காகிதம் சுற்றினேன். நனைந்தால் அங்கே ஒழுகுகிறது என்று பொருள். மூன்றாவது மூட்டில் நனைந்தது. ரப்பர் வளையத்தையே போடாமல் திருகியிருக்கிறேன். எல்லாவற்றையும் வடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

ஏப்ரல் 2

காகிதங்கள் காய்ந்தே இருக்கின்றன. தேதி எழுதி ஒட்ட வேண்டும் என்றேன். நான் எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினாள். "தண்ணீர் மாற்ற: அடுத்த ஏப்ரல் 2." எழுத்து நடுங்கிக் கீழே சரிந்திருக்கிறது. கணினிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டினேன்.

ஏப்ரல் 3

சத்தமே இல்லை. கு அண்ணன் பொய் சொல்லவில்லை. அவள் பஞ்சை எடுத்துவிட்டுத் தூங்கினாள். நான் ஒரு சமையலறைக்கு வெயில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மூன்று மணிவாக்கில் திடீரென்று அலறினாள்.

"ஏங்க! எங்க போனீங்க? என்னை விட்டுட்டு எங்க போனீங்க?"

ஓடினேன். ஓட என்ன இருக்கிறது, நான்கு எட்டுதான். அவளால் இந்தப் பக்கம் தலையைத் திருப்ப முடியாது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? இத்தனை நாள் அந்த இரைச்சலை வைத்துத்தான் நான் இருப்பதைத் தெரிந்துகொண்டிருந்தாளாம்.

"பழசையே மாட்டிடட்டுமா?"

"ஐயோ, வேணாம். அப்பப்ப இருமுங்க, போதும்."

ஏப்ரல் 19

நான் இருமுகிறேன். அவள் "ம்" என்கிறாள். வேலை ஓடுகிறது.

மே 8

"கிழவன் மாதிரி இருமுறீங்க" என்று கேலி செய்தாள். இந்த வாரத்தில் அவள் முழுதாகப் பேசிய வாக்கியம் இது ஒன்றுதான்.

மே 23

"ம்" வருவதில்லை. விரலைத் தூக்குகிறாள். அதைப் பார்க்க நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

ஜூன் 4

இருமினேன். எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஜூன் 7

எல்லாம் முடிந்தது. இறுதிச் சடங்குக் கூடத்தில் கு அண்ணன் என் எதிரே உட்கார்ந்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறும் காரச் சூப்பைத் தொடாமல் வைத்திருந்தார். "ஏதாச்சும் திட்டுங்கண்ணே" என்றேன். "சாப்பிடுடா" என்றார்.

இலையுதிர்காலம்கூட வரவில்லை.

ஏப்ரல் 2

அவள் சொன்ன வேலை. காலையிலேயே தொடங்கினேன். பழைய தண்ணீரை வடித்துப் புதியது ஊற்றினேன். டிஷ்யூ சுற்றிப் பம்பை ஓடவிட்டேன். ரப்பர் வளையங்களை மூன்று முறை எண்ணினேன். அவள் சீட்டைப் பிய்க்க மனம் வரவில்லை. அதன் கீழே என் எழுத்தில் அடுத்த வருடத் தேதியை ஒட்டினேன். அதற்கு அடுத்த வருடமும் ஒட்ட வேண்டியிருக்கும்.

சாயங்காலம் வரை எங்கும் நனையவில்லை. பம்ப் ஓடுகிறதா என்றே தெரியாத அமைதி.

நடுவில் ஒருமுறை என்னையறியாமல் இருமிவிட்டேன். இருமிவிட்டு, கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.