கைப்பிடி இல்லாத மரப்பாதை

தம்பிக்கு,

உங்கள் அண்ணன், வீட்டுக்குப் பின்னால் ஏரிக்குள் போடும் மரப்பாதை, படகு கட்டும் இடத்தோடு முடிய வேண்டியது. அதையும் தாண்டி மரக்கால் ஊன்றிப் பலகை அடித்துக்கொண்டே போகிறார். கேட்டால், "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்கிறார். அது எந்த இடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து எங்கள் பையனின் உடலைத் தூக்கி வந்தது நீங்கள்தானே.

முன்பெல்லாம் சுத்தியல் விரலில் பட்டால் என் பிறந்த வீட்டையே திட்டுவார். இப்போது விரலை உதறிவிட்டு அடுத்த ஆணியை எடுக்கிறார். லைஃப் ஜாக்கெட்டையும் கொட்டகையிலேயே மாட்டிவிட்டுப் போகிறார்.

நேற்று, "கைப்பிடி எப்ப வைப்பீங்க?" என்றேன்.

பலகையைத் தடவிக்கொண்டே, "கடைசிப் பலகையில வேண்டாம்மா" என்றார்.

கைப்பிடிக்கு மரம் வாங்கிக்கொண்டு உடனே வாருங்கள். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

அதுவரை அந்தக் கடைசிப் பலகையில் நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு நீச்சல் தெரியாது. என்னை அங்கே தனியாக விட அவருக்கு மனசு வராது.

வழி பார்த்திருக்கும்,
அண்ணி