வீட்டுப்பேர் சொல்லாமல் கேட்டது

16-9-98, புதன்

இன்று ஒரு பெண்ணை அநியாயமாகத் திட்டிவிட்டேன்.

கடற்கரைக் கோயிலுக்கு நான் செய்த வெப் பேஜில் திருவிழாப் படம் வரவில்லை என்று பங்குப் பாதிரியார் அச்சன் சொன்னார். காரணம் பார்க்க, பாறசாலை இன்டர்நெட் சென்டரில் பிரவுசரை மூடிவிட்டு, எழுத்து மட்டும் வரும் டெல்நெட்டில் சர்வரைப் பிடித்து, முதல் பக்கத்தைத் தா என்று கையாலேயே டைப் செய்து கேட்டேன். வந்தது யாருடைய டயர் கடைப் பக்கமோ. உடனே திருவனந்தபுரத்தில் சர்வர் வைத்திருக்கும் ஆபீசுக்குப் போன் போட்டுக் கத்தினேன். எடுத்த பெண் "நோக்காம் சேச்சி", பார்க்கிறேன் அக்கா, என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர், பின்னால் நின்று திரையைப் பார்த்தார். குளத்தூரின் தபால்காரர், கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை.

"அந்த சர்வருல எத்தற பேருக்க பேஜ் உண்டு?"

"நூறு இருக்கும்."

"நீ வீட்டுப்பேரு சொன்னியா? வீட்டுப்பேரு இல்லாம மேரின்னு மட்டும் லெட்டர் வந்தா, நான் மொத வீட்டு மேரிக்காக்கும் குடுப்பேன்."

எந்தத் தளம் என்று பிரவுசர் தானே சொல்லிவிடும். கையால் கேட்கும்போது நான்தான் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியைச் சேர்த்தேன். கோயில் பக்கம் வந்தது. படத்தைக் கேட்டேன், இல்லை என்றது. பார்த்தால், அதை நான் சர்வரில் ஏற்றவே இல்லை.

வழியெல்லாம் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் குத்திக்கொண்டே வந்தேன். மனுஷன் சிரிக்கிறார்.

காலையில் அந்த ஆபீசைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வேண்டும். யாரிடம்? அந்தப் பெண்ணின் பேரை நான் கேட்கவே இல்லை.