எல்ஸ்பெத்துக்காகப் பாட ஓர் ஆள்

கிஸ்பர்ன்,
2 ஜூலை 1996

அன்புள்ள எல்ஸ்பெத்,

நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்கள் தோட்டத்தில் ஆரஞ்சு காய்த்துக் கொட்டுகிறது. ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். லஞ்சம்தான், மறைக்க என்ன இருக்கிறது?

எங்கள் நிகழ்த்துகலைத் துறைக்கு நாடக வரலாற்றுப் பேராசிரியர் வேண்டும். இரண்டு முறை விளம்பரம் செய்துவிட்டோம். முதலில் வந்தவருக்கு நாடகம் தெரியும், வரலாறு தெரியாது. அடுத்தவருக்கு எல்லாம் தெரியும். ஆனால் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு மறுநாளே விமானம் ஏறிவிட்டார். இந்தத் தடவையும் ஆள் கிடைக்காவிட்டால் பதவியையே எடுத்துவிட்டு ‘விழா ஏற்பாடு’ என்று ஒரு பாடம் வைக்கப்போகிறார்களாம். நாற்காலி அடுக்கச் சொல்லித்தர ஒரு பேராசிரியர்!

நீயோ அங்கே அருங்காட்சியகத்தில் பழைய நாடக நோட்டீசுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறாய். இந்த மாதக் கடைசிக்குள் விண்ணப்பம் அனுப்புடி. துறைத்தலைவியாகக் கேட்கவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

உன்,
ரிபேகா

இன்வர்கார்கில்,
11 ஜூலை 1996

அன்புள்ள ரிபேகா,

ஆரஞ்சு வந்தது, இனிப்பு. பாதியை அண்ணன் டூகல் பண்ணைக்கு எடுத்துப் போய்விட்டான்.

வேலை மீது ஆசை இல்லை என்று சொன்னால் பொய். வகுப்பறையை நினைத்தாலே கை சாக்பீஸைத் தேடுகிறது, அவ்வளவு ஆசை. ஆனால் தேர்வுக்குழுவில் நீ இருக்கிறாயே!

வெலிங்டனில் நீ எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தாய். நன்றி மறக்கவில்லை. ஆனால் எட்டு வருஷம் அந்தக் கல்லூரித் தேநீர் அறையில் நான் பட்டது உனக்குத் தெரியாது. நான் உள்ளே நுழைந்தால், “வந்துட்டாங்க, ரிபேகாவோட ஆளு” என்பார்கள். புத்தகம் எழுதினேன். “ரிபேகா திருத்திக் குடுத்திருப்பா” என்றார்கள். கடைசியில் நானே அப்படித்தானோ என்று நினைக்க ஆரம்பித்துவிட்டேன். அதனால்தான் மூன்று வருஷத்துக்கு முன்பு இந்தத் தென்கோடிக்குக் கிளம்பி வந்தேன். குளிர் பிடிக்கும் என்று உன்னிடம் சொன்னது சும்மா.

நீ விலகிக்கொள். விண்ணப்பிக்கிறேன்.

அன்புடன்,
எல்ஸ்பெத்

கிஸ்பர்ன்,
19 ஜூலை 1996

அன்புள்ள எல்ஸ்பெத்,

பதினோரு வருஷம் கழித்துச் சொல்கிறாயே, பாவி! படித்துவிட்டு அழுதேன். பிறகு கோபம் வந்தது. இப்போது இரண்டும்.

விலக முடியாது. குழுவில் ஐந்து பேர். நாடகம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் எழுந்தால் வேறு யாரையாவது பிடித்துவிடுவார்கள் என்று பயம். நீ என் சிநேகிதி என்று புலத்தலைவரிடம் எழுதியே கொடுத்துவிட்டேன். “இந்தச் சின்ன நாட்டுல ஒருத்தருக்கொருத்தர் தெரியாதவங்கதான் வேணும்னா பென்குயினைத்தான் கூப்பிடணும், நீங்க உட்காருங்க” என்று சிரிக்கிறார்.

வரும்போது பாட ஆள் கூட்டிக்கொண்டு வா. விருந்தாளியை வரவேற்கும் எங்கள் குல வழக்கம் உனக்குத் தெரியும். வரவேற்பில் நாங்கள் பேசிப் பாடுவோம். உன் பக்கத்திலும் ஒருவர் பேசி, உன் ஆட்கள் எழுந்து பாட வேண்டும். பேசுவதற்கு எங்கள் குலப் பெரியவர் விரேமு தாத்தாவை உனக்குக் கடன் தருகிறோம். பாட்டுக்கு டூகலை இழுத்து வா. மாட்டை விரட்டும் குரல் போதும்.

உன்,
ரிபேகா

இன்வர்கார்கில்,
1 செப்டம்பர் 1996

அன்புள்ள ரிபேகா,

வீடு வந்து சேர்ந்தேன். பாட வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் வராமல் போன டூகலிடம் இன்னும் பேசவில்லை. ஆடுகள் குட்டி போடும் நேரத்தில் பனி கொட்டினால் அவன்தான் என்ன செய்வான்? இருந்தாலும் பேசவில்லை.

விண்ணப்பித்தபோதே ஒரு முடிவோடுதான் வந்தேன், இப்போது சொல்கிறேன். நேர்காணலில் நன்றாகப் பேசுவது, வேலை கிடைத்தால் வேண்டாம் என்று எழுதிவிடுவது. முடியும் என்று எனக்கு நானே காட்டிக்கொண்டால் போதும் என்று இருந்தேன்.

விரேமு தாத்தா எனக்காகப் பேசி முடித்தார். பாட நான் மட்டும் தனியாக எழுந்து நின்றேன். எதிரே நீங்கள் நாற்பது பேர். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வரவில்லை. வாசல் எந்தப் பக்கம் என்று தேடினேன், ரிபேகா. இப்படியே தெற்கே ஓடிவிடலாமா என்று பார்த்தேன்.

அப்போது உன் புதுச் செருப்பு கிறீச் கிறீச்சென்றது. அந்தக் கூடத்தின் குறுக்கே நீ நடந்து வந்து, என் பக்கத்தில் நின்று, விட்ட இடத்திலிருந்து பாடினாய்.

தேநீரின்போது புலத்தலைவர் என்ன சொன்னார் என்று நினைவிருக்கிறதா? “ரிபேகா, அந்தப் பக்கம் நின்னு பாடிட்டீங்க. இனி நீங்க அவங்களோட வந்தவங்க. கேள்வி கேக்க முடியாது, ஓட்டும் கிடையாது.” நீ கேக்கை மென்றுகொண்டே, “தெரிஞ்சுதான் வந்தேன்” என்றாய்.

நேர்காணல் நடந்த ஒரு மணி நேரமும் என் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாய். உன் ஆயுசில் அது முதல் தடவை.

வேறு யாரையாவது எடுத்துவிட்டால் உனக்கு நஷ்டம். அதுதான் மனதை அறுக்கிறது.

அன்புடன்,
எல்ஸ்பெத்

கிஸ்பர்ன்,
9 செப்டம்பர் 1996

அன்புள்ள எல்ஸ்பெத்,

அலுவலகக் கடிதம் தனியாக வரும். என்னால் பொறுக்க முடியவில்லை. நீதான்!

நாலு பேர், நாலு ஓட்டு. அவர்கள் பேசி முடிக்கும்வரை நான் வாசலில் நகம் கடித்துக்கொண்டிருந்தேன். நடனத் துறைக்காரர் வெளியே வந்து, “அந்த அம்மா ஒரு பழைய நோட்டீசை வெச்சே முக்கால் மணி நேரம் பேசினாங்க, இன்னும் கொஞ்சம் பேச மாட்டாங்களான்னு இருந்துச்சு” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தாயா, பழகிவிட்டது.

இதில் என் கை இல்லை. வேண்டாம் என்று எழுதினால் மட்டும் கொன்றுவிடுவேன்.

உன்,
ரிபேகா

இன்வர்கார்கில்,
16 செப்டம்பர் 1996

அன்புள்ள ரிபேகா,

சம்மதக் கடிதத்தைக் காலையில் தபாலில் போட்டேன். டூகலோடும் பேசிவிட்டேன். சாமான்களை அவன்தான் லாரியில் ஏற்றித் தருகிறான். இரண்டாவது வரியைப் பாத்திரம் கழுவும்போதெல்லாம் பாடிப் பார்க்கிறேன், இப்போது தவறாமல் வருகிறது.

உங்கள் தேநீர் அறையில் என்னைக் காட்டி யாராவது கேட்டால் நீ பதில் சொல்லாதே. நான் சொல்லிக்கொள்கிறேன், ரிபேகா என்னோட ஆளு என்று.

என்றும் உன்,
எல்ஸ்பெத்