முக்கால் ரூபாய்

ஜனவரி 20, 2025

சிலோன் ரூபாய் ஒன்று, இருபத்தொன்பது பைசா.

மருமகள் பானுமதி இன்றும் சிரித்தாள். "தங்கம் விலை பாக்கற மாமியார் உண்டு. சிலோன் ரூவா விலை பாக்கற மாமியார் அரியமங்கலத்துலயே நீங்க ஒருத்திதான் அத்தை."

சிரிக்கட்டும். சிலோனில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். என் வடைக்கடையில் பட்டறைக்காரர்களுக்கு வடை மடித்துக் கொடுத்த பேப்பரில் வணிகப் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்துப் படித்தேன். ரூபாய் ஏன் ஏறுகிறது, ஏன் விழுகிறது என்று கேட்டால் சொல்வேன். யாரும் கேட்பதில்லை.

ஜனவரி 23

சிலோனிலிருந்து என் தங்கை வேணி வருகிறாளாம். ரங்கநாதரை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். அவள் மகள் போனில் என் மகன் சிவசங்கரிடம் சொல்லியிருக்கிறாள். "அம்மாவுக்கு நடக்கக் கொஞ்சம் கஷ்டம் அண்ணே." இந்த வயதில் யாருக்குத்தான் கஷ்டமில்லை.

பிறகு கேட்டாளாம்: "முக்காப் பெரியம்மா நல்லா இருக்காங்களா?"

முக்கா! பெற்ற பிள்ளைக்கும் அதைச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறாள்.

ஜனவரி 24

நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இரண்டு நாட்டு ரூபாயும் சரிக்குச் சரி. 1966இல் இங்கே ரூபாயின் மதிப்பை வெட்டினார்கள். யுத்தம், மழையில்லாத வருடம், வெளிநாட்டுக் கடன். அடுத்த வருடம் சிலோனிலும் வெட்டினார்கள், ஆனால் குறைவாக. அதனால் எழுபத்திரண்டில் என் வீட்டுக்காரர் இந்தியக் குடியுரிமை வாங்கி என்னைக் கோச்சியில் ஏற்றியபோது (ரயிலுக்கு அங்கே அதுதான் பெயர்) இந்திய ரூபாய்க்கு அங்கே முக்கால் ரூபாயும் சொச்சமும்தான்.

வேணியின் புருஷன் அங்கேயே நின்றுவிட்டான். அவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடிவந்தாள். "போகாதக்கா! அங்க போனா நீ முக்கா ரூவாதான்!" ரயிலே அழுதுகொண்டிருந்தது. எங்கள் பெட்டி மட்டும் சிரித்தது. அந்தச் சிரிப்பு... அதற்குப் பிறகு அவளுக்கு நான் ஒரு கடிதம் போட்டதில்லை.

எழுபத்தேழில் அவர்கள் ரூபாயைச் சந்தையின் போக்குக்கு விட்டார்கள். பாதியாக விழுந்தது. அன்று என் கடைக்கு வந்த எல்லோருக்கும் ஒரு வடை அதிகம் வைத்தேன். தொண்ணூற்றொன்றில் நம் தங்கத்தை அடகு வைத்து, நம் ரூபாயும் சரிந்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் அங்கே போர், கடன், சில வருடத்துக்கு முன் பெட்ரோலுக்கும் பால்மாவுக்கும் வரிசை. அந்த வரிசையில் அவள் நிற்கிறாளோ என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஏன் கேட்கவேண்டும்?

இன்று அவள் ரூபாய்தான் கால் ரூபாய். வரட்டும். முகத்துக்கு நேரே சொல்வேன். "வாடி கால் ரூவா."

ஜனவரி 28

மத்தியானம் கண்ணசந்துவிட்டேன். காவிரிப் பாலத்தின் மேல் கோச்சி போகிறது. கீழே தண்ணீர் இல்லை, பனி. தேயிலைச் சரிவில் இறங்குவதுபோல் பனி ஸ்ரீரங்கத்துப் பக்கம் இறங்கிக்கொண்டே இருக்கிறது. வேணி ஜன்னலோடு ஓடிவருகிறாள். மூச்சு வாங்கவில்லை. பாதம் தரையில் படவில்லை. கையை நீட்டினேன். விழித்தபோதும் கை நீண்டபடியே கிடந்தது.

எழுந்து முகம் கழுவிக்கொண்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வாடி கால் ரூவா. நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 3

ஏர்போர்ட். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சேலை வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகத் தொங்கியது. உள்ளே ஒன்றுமில்லை.

சர்க்கரை. எடுத்துவிட்டார்களாம்.

"சொன்னா நீ அழுவேன்னு நான்தான் சொல்ல வேணாம்னேன்."

"யார் அழறா?"

"சரி, அழாத. என்ன முக்காக்கா, இன்னைக்கு ரேட்டு என்ன?"

இத்தனை வருடம் தீட்டித் தீட்டி வைத்த சொல். அதற்குள் இப்படி ஓர் அர்த்தமும் உட்கார்ந்திருந்ததே. வாயில் வந்ததை விழுங்கினேன்.

"பாக்கல" என்றேன்.

பிப்ரவரி 5

ஸ்ரீரங்கம். கோபுரத்துக்குள் கோபுரமாக அவளைத் தள்ளிக்கொண்டு போனேன். சிவசங்கரைத் தொடவிடவில்லை. வெயில் மஞ்சளாக இருந்தது. நாங்கள் நகர்கிறோமா, மதில்கள் நகர்கின்றனவா என்றே தெரியவில்லை.

சேவித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் கேட்டேவிட்டேன். "அந்தப் பேரை எதுக்குடி ஊரெல்லாம் சொல்லி வச்ச?"

"அக்கான்னா அழுகை வரும். முக்கான்னா சிரிப்பு வரும். பிள்ளைங்க முன்னாடி வேற என்னத்தச் சொல்ல?"

இப்படியும் ஒரு காரணமா? நம்புவதா, வேண்டாமா?

பிப்ரவரி 6

ஒரு சிலோன் ஐயாயிரம் நோட்டைக் கொடுத்தாள். "இந்தச் சல்லிய இந்திய ரூவாவா மாத்தித் தாக்கா. பேரப்பிள்ளைங்களுக்கு எதாச்சும் வாங்கிட்டுப் போகணும்."

தென்னூரில் பணம் மாற்றும் அப்துல் மாலிக் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க பெரியம்மா! இன்னைக்காவது மாத்துவீங்களா, இல்ல வழக்கம்போல விலை கேட்டுட்டுப் போயிடுவீங்களா?"

"என்ன விலை?"

"பேப்பர் விலைக்கெல்லாம் எடுக்க முடியாதுங்க. நீங்கங்கறதால கால் ரூபா. கால்தான் கட்டும்."

"கால்னு சொல்லாதீங்க."

"இருபத்தஞ்சு பைசான்னா சரியா?" சிரித்தார் மனிதர்.

நோட்டைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் பாங்கில் இறங்கி என் கணக்கிலிருந்து ஐயாயிரம் எடுத்தேன். நம் ரூபாய். கொண்டுவந்து அவள் மடியில் போட்டேன்.

வேணி எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். "ஒன்னுக்கு ஒன்னா? கடைக்காரனுக்குக் கிறுக்கா?"

"கிறுக்குதான். உனக்கென்ன? வாயை மூடிக்கிட்டு உள்ள வை."

அவள் என்னையே பார்த்தாள். நான் உலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பிப்ரவரி 10

வேணி காலையில் போய்விட்டாள். நாற்காலியைத் திருப்பச் சொல்லிக் கையை ஆட்டினாள். "போயிட்டு வரேன் முக்காக்கா!" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்.

அவள் ஐயாயிரம் நோட்டை டைரியின் இந்தப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். சிவசங்கர் போனில் இன்றைய விலை பார்த்துச் சொன்னான். இருபத்தொன்பது பைசாவாம்.

தப்பு.