பொம்மையின் தொப்பி

வெள்ளிக்கிழமை, இரவு.

இந்த வயதில்தான் எழுதப் பழகினேன்; எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, மன்னிக்க வேண்டும். ஆனாலும் எல்லாம் என் கையால் எழுதியது.

துபாயில் இருக்கும் பேத்திக்காக என் மனைவி மைமூன் குரோஷா ஊசியால் ஒரு ஆண் பொம்மை பின்னிப் பஞ்சு அடைத்திருக்கிறாள். கழற்றி மாட்டுவதற்குச் சட்டை, இடுப்பில் கட்டச் சாரம், வெள்ளைத் தொப்பி எல்லாம் உண்டு. நாற்பது வருடமாக நான் கடைத் தொப்பி போட்டுத்தான் தொழுகிறேன். எனக்கு அவள் ஒன்றுகூடப் பின்னியதில்லை. சாயங்காலம் பொம்மையின் தொப்பியைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பள்ளிவாசலிலிருந்து திரும்பி வந்தால், அவள் கட்டிலடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

“எலி தூக்கிட்டுப் போயிருக்கும்ளா,” என்றேன்.

“எலி என்ன தொப்பி போட்டுத் தொழவா போவுது?” என்று என் சட்டைப்பையையே பார்த்தாள். “காலையில பொம்மைய அனுப்பணும். வேணும்னா வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான?”

கேட்க வாய் வரவில்லை. அவள் தூங்கியபின் இந்த நோட்டில் ஒரு துண்டு கிழித்து, ‘எனக்கும் ஒன்று’ என்று எழுதி, ஓரம் வெளியே தெரியும்படி தொப்பிக்குள் வைத்து, பொம்மைக்கே மாட்டிவிட்டேன். அவளுக்கு வாசிக்கத் தெரியும். என் தலைக்கு அளவு எடுத்தாளா என்பதை அடுத்த வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.