வெளியே போன அடுப்பு

அக்கா,

இன்று காலை தர்ஷியின் தலையணை உறையை உதறினேன். மானாப்புல்லின் பூத்தூள் மாவு போலக் கையில் ஒட்டிக்கொண்டது. ஆடிக் காற்று தொடங்கிவிட்டது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. லய வீட்டு வரிசைக்குப் பின்னால் மேடு முழுக்கப் புல் பூத்துக் கிடக்கிறது. “தலகாணி உறைய புல்லு மேல காயப் போடாத தங்கச்சி, வூட்டுக்குள்ள கொடியில போடு” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்! நேற்று அலுப்பில் மறுபடியும் புல்லின் மேலேயே விரித்துவிட்டு வந்திருக்கிறேன். இத்தனை வருடம் பிள்ளை பார்த்தும் புத்தி வரவில்லை, போங்கள்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். இரண்டு கண்ணும் வீங்கியிருந்தன.

உங்களுக்குத் தெரியாததா? நாலு வயதில் வந்த கிட்னி வருத்தம், இப்போது அவளுக்குப் பதினொன்றாகிறது. மூத்திரத்தில் உடம்பின் சத்தெல்லாம் போய்விடும், கண்ணும் காலும் வீங்கும், மாத்திரை கொடுத்தால் அடங்கும். பிறகு ஒரு சளி பிடித்தால் போதும், திரும்பவும் முதலிலிருந்து. அதோடு வருடா வருடம் இந்தக் காற்றுக்கு வரும் தும்மல், மூக்கொழுகல், கண் வீக்கம். புல்லால் வந்த வீக்கமா, கிட்னியால் வந்த வீக்கமா என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. இந்த ஒரு கேள்வியிலேயே என் பாதி உயிர் போய்விட்டது, அக்கா.

நான் உங்களிடம் கத்திய அந்த வருடம் அவளுக்கு எட்டு வயது. தினமும் காலையில் மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கிப் பார்க்கச் சொல்லிக் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். திரண்டு வெள்ளையானால் உடனே பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வர வேண்டும். ஆறு மாதமாகத் தண்ணீர் போலத் தெளிவாகவே இருந்தது. எனக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் விட்டேன், இரண்டு நாள் விட்டேன், பிறகு குழாய் எங்கே கிடக்கிறது என்றே தெரியவில்லை. இதை இன்றுவரை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கொழும்பில் கடையில் நிற்கிறவர், போனில் “புள்ள எப்படி?” என்று கேட்பார். “நல்லா இருக்கா” என்பேன்.

காற்று தொடங்கியது. கண் வீங்கியது. எனக்கு யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. உங்கள் காம்பராவுக்கும் எங்களுடையதுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் எட்டாது; நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகும் முன் விடியக் காலையில் அடுப்பு மூட்டுவீர்கள், ஈர விறகின் புகை அந்தச் சந்து வழியாக எங்கள் பக்கம் இறங்கும். தர்ஷி இருமினாள். அவ்வளவுதான், உங்கள் வாசலில் வந்து நின்று கத்தினேன்.

“ஒன் பொகையில எம் புள்ள சாகப் போகுது, தெரியுதா?”

உங்களை ‘நீ’ என்று சொன்னது அன்றைக்கு ஒருநாள்தான். லயமே எட்டிப் பார்த்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். ஒரு வார்த்தை ஏசியிருக்கலாமே, அக்கா. ஏசியிருந்தால் அன்றைக்கே கணக்குத் தீர்ந்து போயிருக்கும்.

மறுநாள் விடியும்போது புகை இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மூன்று கல்லை வெளியே வைத்து, மேலே பழைய தகரம் ஒன்றைச் சாய்த்து, காற்றில் அணைகிற நெருப்பைக் குனிந்து ஊதிக்கொண்டிருந்தீர்கள். தலையில் கம்பளி. கொழுந்து பறிக்கப் போகிற அவசரத்தில் பாதி வெந்த ரொட்டியைச் சுருட்டிக்கொண்டு ஓடினீர்கள். எனக்குச் சங்கடமாக இருந்தது. கொஞ்சம் வெற்றியாகவும் இருந்தது.

ஆனால் வீக்கம் குறையவில்லை. நாலாம் நாள் நீங்களாகவே எங்கள் வாசலுக்கு வந்தீர்கள். என்னிடம் பேசவில்லை, தர்ஷியின் முன்னால் குந்தினீர்கள்.

“கண்ணு அரிக்குதாடா கண்ணு?”

“இல்ல பெரியம்மா.”

“மூக்கு?”

“இல்ல.”

அவள் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டை விரலால் அழுத்தினீர்கள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. “இயேசுவே” என்றீர்கள். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினீர்கள்.

“பூவு, தூசின்னா அரிக்காம இருக்காது தங்கச்சி. கிளினிக்ல நர்ஸம்மா சொன்னாங்கன்னு நீதான எனக்குச் சொன்ன? இது அது இல்ல. மூத்திரம் பாத்தியா?”

“கொழாயத் தொலைச்சிட்டேன்க்கா” என்றேன், தரையைப் பார்த்து. “பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்பு” என்றீர்கள். அன்றைய பேரை, ஒருநாள் சம்பளத்தை, விட்டுவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு பதுளை வரைக்கும் கூடவே வந்தீர்கள். வளைவுகளில் தர்ஷி உங்கள் மடியில்தான் வாந்தி எடுத்தாள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் வயிற்றில் நீர் கட்டி மோசமாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் என் கையைப் பிடித்திருந்தீர்கள். நான் குழாயைத் தொலைத்ததை நீங்கள் லயத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும்.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தோம். உங்கள் அடுப்பு வெளியேதான் இருந்தது. ‘உள்ளே வச்சுக்கோங்கக்கா, பொக காரணமில்ல’ என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: புகை இல்லாதது எனக்கு வசதியாக இருந்தது. காற்றுக் காலத்தில் அவளுக்கு இருமல் குறைந்திருந்தது. அதனால் நாளை நாளை என்று இரண்டு வருடம் போனது. ஐப்பசி மழையில் நீங்கள் ஒரு கையில் குடையும் மறு கையில் அகப்பையுமாக நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன்.

போன மார்கழியில் காய்ச்சல் என்று படுத்தீர்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். மழையில் நின்று சமைத்ததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் கேட்காமலே நாலு பேர் சொன்னார்கள். வார்டில் உங்களைப் பார்க்க வந்தபோது கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது. அப்போதும் உங்கள் கேள்வி, “புள்ளைக்கு மூத்திரம் பாத்தியா?” என்பதுதான். பார்த்தேன் என்றேன். அடுப்பைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். “போ தங்கச்சி, பஸ் போயிரும், புள்ள தனியா இருக்கும்” என்றீர்கள். போய்விட்டேன். அடுத்த நாள் விடியும்போது நீங்கள் இல்லை என்ற செய்தி வந்தது.

இன்று காலை நீங்கள் கேட்டதைத்தான் நானும் கேட்டேன்.

“அரிக்குதாடி?”

“அய்யோ, பயங்கரமா அரிக்குதும்மா. மூக்கும் அரிக்குது.”

காலை அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழவில்லை. மூத்திரத்தைச் சூடாக்கிப் பார்த்தேன், தெளிவாக இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அரிக்கிறது என்று பிள்ளை சொன்னதற்குச் சந்தோஷப்பட்டு அழுகிற தாய் இந்தத் தோட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிறகு கொதித்து ஆறின தண்ணீரில் துணியை நனைத்துக் கண்ணில் வைத்தேன். உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவினேன், உறையை மாற்றினேன், கிளினிக்கில் எழுதிக் கொடுத்த மருந்தை மட்டும் கொடுத்தேன். முகத்துக்கு மாஸ்க் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். பள்ளியிலிருந்து வந்ததும் குளிப்பாட்ட வேண்டும். களைத்துப் போய்விட்டேன் அக்கா, இன்னும் மூன்று மாதக் காற்று பாக்கி இருக்கிறது.

உங்கள் காம்பராவுக்குப் புதிதாகக் கல்யாணம் ஆன பசறைப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். அவள் பத்து மணிக்கு வந்து கதவைத் தட்டினாள். “அக்கா, ஒங்க புள்ளைக்குப் பொக ஆவாதாமே. எனக்கும் அடுப்பு வெளியதானா?” என்று பயந்து பயந்து கேட்டாள்.

“வேணாம்மா, உள்ளேயே வச்சுக்க. செவுத்துக்கு மேல இருக்கிற சந்த ரெண்டு தகரம் வச்சு நான் அடைச்சிக்கிறேன்” என்றேன்.

இரண்டு தகரம், அக்கா. அவளிடம் சொல்ல எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. உங்களிடம் சொல்ல இரண்டு வருடம் இருந்தது.